தொட்டியில் முளைத்த பருப்புக்கீரை: அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் பூத்தொட்டிகளில் சிவந்த தண்டும் தடித்த சின்ன இலையுமாக ஒரு செடி படர்ந்திருக்கிறது. பருப்புக்கீரை என்கிறார் அம்மா. அப்பாவுக்கு 62 வயது. இனிப்பு நீர் உண்டு. போன வருடம் சிறுநீரகக் கல் எடுத்தார்கள். இதைப் பச்சையாக அரைத்துத் தினமும் குடித்தால் சர்க்கரை இறங்குமாம். கொடுக்கலாமா?"

சாறு வேண்டாம். இங்கே சர்க்கரையைவிட அந்தக் கல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பருப்புக்கீரையில் ஆக்சலேட் (கால்சியத்தோடு சேர்ந்தால் கல்லாக உறையும் பொருள்) மிக அதிகம். 100 கிராம் பச்சை இலையில் ஏறத்தாழ 1 கிராம், சில வேளை அதற்கும் மேல். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. சாறாக அரைத்தால் ஒரு கட்டுக் கீரையே ஒரே டம்ளரில் அடங்கிவிடும். தினமும் அப்படிக் குடிப்பது மறுபடி கல் வர வழி செய்யும். எடுத்த கல் எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆக்சலேட் கல் என்றால் அப்பா இந்தக் கீரையையே விட்டுவிடுவது நல்லது. சாவி, காய்லான் போன்ற சீனக் கீரைகளில் ஆக்சலேட் குறைவு. தண்டுக்கீரை தட்டில் அடிக்கடி வருகிறதா என்றும் கவனியுங்கள், அதிலும் ஆக்சலேட் அதிகம்.

இன்னொன்று, பொட்டாசியம். 100 கிராமில் 490 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. நீண்டநாள் இனிப்பு நீர் சிறுநீரகத்தைத் தளர்த்தியிருந்தால் அதுவும் சிக்கல்தான். சர்க்கரைக்கென்று இதன் விதையை வைத்துச் சில சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சரி, சிறுநீரகத் தொல்லை இல்லாத மற்றவர்கள்? தாராளமாகச் சாப்பிடலாம். இலைக்கீரைகளில் அரிதாகவே இவ்வளவு ஒமேகா-3 கிடைக்கும்: 100 கிராமில் 300 முதல் 400 மில்லிகிராம். மீனில் உள்ள வகை அல்ல, ஆனால் சைவம் சாப்பிடுபவர்களுக்கு நல்ல வரவு. மக்னீசியமும் நிறைய. நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அப்புறம் துவரம்பருப்போடு கடையுங்கள். வைட்டமின் சி கொஞ்சம் போகும், ஆக்சலேட்டும் குறையும். கூடவே தயிர் சேர்த்தால் அதிலுள்ள கால்சியம் மிச்ச ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். புளிப்பு பிடிக்காதவர்கள் மாலையில் பறிக்கலாம். தண்ணீர் குறைந்தால் இச்செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் காற்றை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கும். அதனால்தான் விடியற்காலையில் அத்தனை புளிப்பு. பகல் வெயிலில் அந்த அமிலம் கரைந்துவிடும்.

சமைக்கும் முன் தண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது சித்திரப்பாலாடை இனம், உடனே எறியுங்கள். அதுவும் இதே தொட்டிகளில்தான் தரையோடு படரும். பருப்புக்கீரையில் நிறமற்ற வழவழப்பான நீர் மட்டுமே வரும், பூ மஞ்சள்.

உங்கள் தொட்டியில் பூச்சிமருந்து அடிக்காமலிருந்தால் பறிக்கலாம். தாமான் (குடியிருப்பு) கால்வாய் ஓரத்தில் வளர்வதைத் தொடாதீர்கள். களைக்கொல்லி, எலிச் சிறுநீர் தவிர, மண்ணிலுள்ள காட்மியத்தையும் இச்செடி உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; அது கழுவினாலும் போகாது.