பிளாக்பூல் விளக்குகளும் அத்தையின் முழங்காலும்

கேள்வி: நாங்கள் மான்செஸ்டரில் வசிக்கிறோம். மதுரையிலிருந்து என் மாமியார் வந்திருக்கிறார். வயது 71, முழங்கால் வலி உண்டு. பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, நான்கு வயது. எல்லோருமாக பிளாக்பூல் கடற்கரைச் சாலை நெடுக ஆண்டுதோறும் போடும் அலங்கார விளக்குகளைப் பார்க்கப் போக ஆசை. காரில் இருந்தபடியே பார்த்துவிடலாம் என்கிறார் கணவர். நடந்து பார்த்தால்தான் அழகு என்பது என் எண்ணம். எது சரி?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, தெற்கே ஸ்டார் கேட் என்ற இடத்திலிருந்து வடக்கே பிஸ்பம் வரை விளக்குகள் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகின்றன. நான்கு வயதுப் பிள்ளையும் முழங்கால் வலியுள்ள பெரியவரும் நடக்கிற தூரமா அது? காரில் போனாலோ, கூட்ட நாட்களில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். பின்சீட்டில் இருப்பவர்கள் காட்சி பார்ப்பார்கள். ஓட்டுகிறவர் கண்ணெல்லாம் முன்னால் நிற்கும் வண்டியின் சிவப்பு விளக்கில்தான் இருக்கும். அம்மா அத்தனை தூரம் பறந்து வந்திருக்கிறார். மகன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டாமா?

முழுவதையும் பார்த்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். இருட்டுவதற்கு முன்பே வடக்குப் பக்கம் பிஸ்பம் போய் காரை நிறுத்திவிடுங்கள். பெரிய பெரிய ஒளிச்சித்திரங்கள் அங்கேதான், கடல் பக்கமாக வரிசையாக நிற்கின்றன. அப்படி ஒரு சித்திரப் பலகையின் எதிரே சிறிது நேரம் நின்று பாருங்கள். ஒரு வரிசை பல்புகள் அணைந்து அடுத்த வரிசை எரியும்போது உருவத்தின் கை ஆடுவதுபோல் தெரியும். நம் ஊர்த் திருவிழாவில் சீரியல் பல்புகளால் அம்மன் உருவம் செய்து நிறுத்துவார்களே, அதே வித்தைதான். அத்தைக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்காது. அவரே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். கால் வலித்தால் உட்கார மடக்கு நாற்காலி ஒன்று காரில் இருக்கட்டும்.

பிறகு பிஸ்பத்தில் டிராம் ஏறி, ஊரின் நடுவில் உள்ள பிளாக்பூல் டவர் கோபுரம் வரை போய்த் திரும்புங்கள். இப்போதைய டிராம்களில் படி ஏற வேண்டியதில்லை, மேடையிலிருந்து நேரே உள்ளே போகலாம். முழங்காலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! மகனும் கை வீசிக்கொண்டு வருவார்.

எந்த நாள் என்பது இதைவிட முக்கியம். செப்டம்பர் தொடக்கத்தில் இருட்டவே எட்டு மணி ஆகிவிடும். சின்னவன் தூங்கி விழுவான். முன்பெல்லாம் விளக்குக் காட்சி நவம்பர் தொடக்கத்தோடு முடிந்துவிடும். 2020-இலிருந்து ஜனவரி தொடக்கம் வரை நீட்டித்திருக்கிறார்கள். அதனால் நவம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஐந்து மணிக்கே நன்றாக இருட்டிவிடும். பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்கு வீடு திரும்பலாம். விளக்கு ஏற்றும் நேரமும் அணைக்கும் நேரமும் நாளுக்கு நாள் மாறும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கக் கட்டணம் கிடையாது.

ஆனால் அந்தக் காற்று! ஐரிஷ் கடல் காற்று புடவைக்குள் புகுந்து எலும்பைத் தொடும். செருப்பு வேண்டவே வேண்டாம். புடவைக்குள் கம்பளிக் கால்சட்டை, கனத்த காலுறை, ஷூ, காதை மூட மஃப்ளர். அத்தை வேண்டாம் என்றாலும் விடாதீர்கள்.

பெரியவனுக்கு வழியில் ஒன்று சொல்லுங்கள். இங்கே முதன்முதலாக 1879-இல் எட்டு வில்விளக்குகளை (இரண்டு கரிக்கம்பிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் ‘ஆர்க்’ விளக்குகள்) ஏற்றினார்கள். எடிசன் தன் பல்புக்குக் காப்புரிமை பெற்றது அடுத்த ஆண்டில்தான். அந்த எட்டு விளக்குகளைப் பார்க்க அன்றைக்கே பல்லாயிரம் பேர் திரண்டிருக்கிறார்கள்.

சாப்பாடு விஷயத்திலும் கவனம் தேவை. அத்தை சைவம் என்றால், கடற்கரையில் சிப்ஸ் வாங்குமுன் எதில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள். வட இங்கிலாந்தில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் நிறைய உண்டு. உருளைக்கிழங்குதானே என்று நம்பிவிட முடியாது. தாவர எண்ணெய்க் கடை கிடைக்காவிட்டாலும் பசியோடு இருக்க வேண்டாம். வீட்டிலிருந்தே புளியோதரையும் ஃபிளாஸ்க்கில் சூடான காபியும் எடுத்துப் போய்விடுங்கள்.