பேரிக்காய் மூஸ், கேரமல் ஸ்பாஞ்ச்: கேள்வி பதில்

தனித்தனிக் குட்டிக் கேக்குகளாகச் செய்யும் பேரிக்காய் மூஸ் (பழ விழுதில் அடித்த கிரீமைக் கலந்து உறையவைக்கும் மென்மையான இனிப்பு) பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. அளவுகள் எல்லாம் 6 செ.மீ. அகலமும் 4.5 செ.மீ. உயரமும் உள்ள 8 மோல்டுகளுக்கு.

கேள்வி: எந்தப் பேரிக்காய் வாங்குவது? எனக்கு மூஸில் பழத்தின் வாசனையே தெரியவில்லை.

கடித்தால் நறுக்கென்று இருக்கும் காயில் வாசனை இருக்காது. காம்பை ஒட்டிய கழுத்துப் பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள், லேசாக அமுங்கினால் பதம் சரி. பேரிக்காய் உள்ளிருந்து வெளியே பழுக்கும். அடிப்பகுதியும் அமுங்கட்டும் என்று காத்திருந்தால் நடுப்பகுதி குழைந்து பழுப்பேறிவிடும்.

வாசனை தெரியாததற்கு இன்னொரு காரணம் தண்ணீர். தோலும் நடுத்தண்டும் நீக்கிய 450 கிராம் துண்டுகளுடன் 50 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து மூடாமல் வேகவையுங்கள். அரைத்து வடிகட்டி, மொத்தம் 350 கிராமுக்கு வரும்வரை சுண்டவையுங்கள். சூடாக இருக்கும்போது ருசி பார்த்தால் இனிப்பு ஒரு பிடி தூக்கலாகத் தெரிய வேண்டும். குளிர்ந்ததும் அது அடங்கிவிடும். பட்டைத்தூள் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன், பேரிக்காயின் மெல்லிய வாசனை அதன் முன் நிற்காது.

கேள்வி: விழுது நறநறவென்று இருக்கிறது, நிறமும் கறுத்துவிட்டது.

நறநறப்பு பேரிக்காயின் இயல்பு. விதையைச் சுற்றியுள்ள சதையில் கல் போன்ற கடின செல்கள் அதிகம். அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், நெருக்கமான சல்லடையில் வடிகட்டுங்கள். கறுப்பது நொதியின் வேலை. பழத்தை வெட்டிய கையோடு எலுமிச்சைச் சாற்றில் புரட்டி அடுப்பில் ஏற்றினால் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். எல்லாப் பழத்தையும் வெட்டி முடித்த பிறகு அடுப்பைப் பற்றவைத்தால் அதற்குள் நிறம் போயிருக்கும்.

கேள்வி: கிரீமைக் கலந்ததும் சில நேரம் நூல் நூலாகத் திரிகிறது, சில நேரம் பால் மாதிரி நீர்த்துப்போகிறது. ஏன்?

இரண்டுக்கும் காரணம் வெப்பநிலைதான். 7 கிராம் ஜெலட்டின் தூளை 35 மி.லி. குளிர்ந்த நீரில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். அடுப்பை அணைத்து, விழுது 60 டிகிரி அளவுக்கு இறங்கியதும் அதில் கரையுங்கள். கொதிக்க விட வேண்டாம், ஜெலட்டினின் பிடிப்பு குறையும். பிறகு அடிக்கடி கிளறி 28 முதல் 30 டிகிரிக்கு ஆறவிடுங்கள். அதைவிடச் சூடாக இருந்தால் கிரீமின் கொழுப்பு உருகி, அடித்தேற்றிய காற்று வெளியேறிவிடும். நன்றாக ஆறிவிட்டால், குளிர்ந்த கிரீம் பட்ட இடத்தில் ஜெலட்டின் சட்டென்று உறைந்து நூலாகிவிடும். நூல் விழுந்த கலவையை வடிகட்டிப் பயனில்லை.

கிரீம் 250 கிராம், 35 சதவீதக் கொழுப்பு உள்ளது. கெட்டியாக நிற்கும்வரை அடிக்காதீர்கள். கரண்டியைத் தூக்கினால் விழும் கோடு ஓரிரு நொடி மேலே தெரிந்து மறைந்தால் போதும். முதலில் மூன்றில் ஒரு பங்கை விழுதில் விஸ்க்கால் தயங்காமல் கலந்துவிடுங்கள். மீதியை ஸ்பாச்சுலாவால் அடியிலிருந்து மடித்துக் கலக்கலாம். ஏற்கெனவே இனிப்பு சேர்த்த தாவரக் கொழுப்புக் கிரீம் என்றால் விழுதில் சர்க்கரையை 20 கிராமாகக் குறையுங்கள்.

கேள்வி: கேரமல் ஸ்பாஞ்சுக்கு அளவு சொல்லுங்கள். என்னுடையது வெறும் இனிப்பாக இருக்கிறது, தோல் மாதிரி இழுக்கவும் செய்கிறது.

அடிகனமான, ஆழமான பாத்திரத்தில் 60 கிராம் சர்க்கரையை மூன்று தவணையாகப் போட்டு, தண்ணீர் விடாமல் உருக்குங்கள். ஆழ்ந்த செம்பழுப்பாகி முதல் புகை இழை எழும்போது, அதாவது 175 முதல் 180 டிகிரிக்குள், 60 கிராம் சூடான கிரீமைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பொங்கித் தெறிக்கும், கையைத் தள்ளியே வையுங்கள். குளிர்ந்த கிரீம் ஊற்றினால் தெறிப்பு இன்னும் மோசமாகும், கேரமலும் கட்டி தட்டும். கட்டி தட்டினால் சிறு தீயில் கிளறுங்கள், கரைந்துவிடும். கசந்துவிட்டால் மட்டும் மருந்து கிடையாது, கொட்டிவிட வேண்டியதுதான். வெளிர்நிறத்திலேயே நிறுத்தியதால்தான் உங்களுக்கு வெறும் இனிப்பு வந்திருக்கிறது.

இதில் 20 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, 2 மஞ்சள் கருவைக் கலக்குங்கள். 55 கிராம் மைதாவையும் 2 கிராம் பேக்கிங் பவுடரையும் சலித்துச் சேருங்கள். 2 முட்டை வெள்ளையை 25 கிராம் சர்க்கரையுடன் மென்மையான முனை வரும்வரை அடித்து, இரண்டு தவணையில் மடித்துக் கலக்குங்கள். 20×30 செ.மீ. தட்டில் தாள் விரித்துப் பரப்பி, 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம்.

தோல் மாதிரி இழுப்பது அதிகம் வெந்ததால். இந்த மாவு அவனில் வைக்கும்போதே பழுப்புதான், அதனால் நிறத்தை நம்பி எடுக்க முடியாது. 9வது நிமிடத்திலிருந்து விரலால் தொட்டுப் பாருங்கள், குழி எழும்பி வந்தால் எடுத்துவிடலாம். ஆறியதும் 5 செ.மீ. வட்டங்களாக வெட்டுங்கள். மோல்டைவிட 1 செ.மீ. சிறிதாக இருந்தால்தான் பக்கவாட்டில் மூஸ் இறங்கி ஸ்பாஞ்சை மறைக்கும்.

கேள்வி: நடுவில் வைத்த பழத்துண்டுகளைச் சுற்றி ஐஸ் கட்டுகிறதே?

சாற்றோடு போட்டிருப்பீர்கள். ஒரு பேரிக்காயை 5 மி.மீ. துண்டுகளாக்கி, ஒரு தேக்கரண்டி வெண்ணெயும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் சேர்த்து ஈரம் வற்றும்வரை வதக்குங்கள். சல்லடையில் 15 நிமிடம் வடியவிட்டு, முற்றிலும் ஆறிய பிறகே உபயோகியுங்கள்.

கேள்வி: மோல்டில் அடுக்கும் வரிசை?

கேக் தலைகீழாக உருவாகிறது. மோல்டில் மூன்றில் இரண்டு பங்கு மூஸ் விட்டு, சிறு கரண்டியால் ஓரங்களில் மேலே இழுத்துத் தடவுங்கள். காற்றுக்குமிழி ஓட்டையாக நிற்காது. பழத்துண்டு, கொஞ்சம் மூஸ், கடைசியில் ஸ்பாஞ்ச். அதை விளிம்போடு சமமாகும்வரை அழுத்துங்கள். மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது 6 மணி நேரம். சிலிக்கான் மோல்டு என்றால் கல்லாக உறையாமல் கழற்றவே கூடாது, முனைகள் பிய்ந்துவிடும். ஸ்டீல் ரிங்கைச் சுடுநீரில் பிழிந்த துணியால் சில நொடி சுற்றிப் பிடித்தால் வழுகி வந்துவிடும்.

கேள்வி: ஜெலட்டினுக்குப் பதில் அகர் அகர்?

முடியும், ஆனால் அது வேறு பண்டம். 3 கிராம் தூளை விழுதில் போட்டு 2 நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். 40 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பித்துவிடும் என்பதால், 45 டிகிரியில் வேகமாகக் கலக்க வேண்டும், கிரீமும் ஃப்ரிட்ஜ் குளிரில் இருக்கக் கூடாது. உறையவைத்து எடுத்தால் தண்ணீர் கசியும். எனவே ஃப்ரீசர் வேண்டாம். கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: மேலே பளபளப்பாகக் கேரமல் ஊற்ற?

180 கிராம் சர்க்கரையைக் கேரமலாக்கி, 150 கிராம் வெந்நீரை மெதுவாக ஊற்றிக் கரையுங்கள். 150 கிராம் கிரீமில் 10 கிராம் சோளமாவைக் கட்டியின்றிக் கரைத்து அதில் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். சற்று ஆறியதும் ஊறிய 5 கிராம் ஜெலட்டினைச் சேர்த்து வடிகட்டி, 27 டிகிரிக்கு வந்ததும் உறைந்த கேக்கின் மேல் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். கேக்கின் மேல் வெண்பனி படிந்திருந்தால் கையால் துடைத்துவிடுங்கள், இல்லையேல் கிளேஸ், அதாவது இந்தப் பளபளப்பான மேற்பூச்சு, வழுக்கிக்கொண்டு இறங்கும்.

கேள்வி: எவ்வளவு முன்னதாகச் செய்து வைக்கலாம்?

காற்றுப்புகாத டப்பாவில், கிளேஸ் ஊற்றாமல், ஃப்ரீசரில் ஒரு மாதம். பரிமாறுவதற்கு 4 அல்லது 5 மணி நேரம் முன்பு ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள், மேஜையில் வைத்து உருக்க வேண்டாம். உருகியதை மறுபடி உறையவைக்காமல் 2 நாளுக்குள் முடித்துவிடுங்கள். அறை மிகவும் வெக்கையாக இருக்கும் என்றால் ஜெலட்டினை 8 கிராமாக்கலாம். அதற்கு மேல் போனால் மூஸ் ரப்பராகிவிடும்.