அப்பாவுக்குப் பல் இம்ப்ளான்ட்: மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

பாம்பனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 56 வயது, விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கீழே வலது பக்கம் இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி ஒரு வருஷம் ஆகிறது. சுகர் உண்டு, வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். இம்ப்ளான்ட் வைக்கலாமா? எத்தனை நாள் கடலுக்குப் போக முடியாது?"

வைக்கலாம். ஆனால் முதலில் மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் HbA1c ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள், 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால் தைரியமாகச் செய்யலாம், 8-ஐத் தாண்டினால் நான் தள்ளித்தான் போடுவேன். ஏனென்றால் இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்புக்குள் முடுக்கும் டைட்டானியம் திருகு, அதைப் பிடித்து நிறுத்துவது பசையோ சிமென்டோ இல்லை, அவருடைய எலும்பேதான் அதன்மேல் வளர்ந்து ஒட்ட வேண்டும். சுகர் ஏறிக் கிடந்தால் புண்ணும் ஆறாது, எலும்பும் சரியாக ஒட்டாது.

கீழ்த்தாடையில் ஒட்டுவதற்குச் சுமார் மூன்று மாதம் பிடிக்கும். அதற்காக மூன்று மாதமும் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. முதல் பத்து நாள்தான் முக்கியம். வீக்கம், தையல், சில சமயம் ரத்தக் கசிவு எல்லாம் அப்போதுதான் வரும், நடுக்கடலில் ராத்திரி ரத்தம் கசிந்தால் கரை சேரவே பல மணி நேரமாகும். அதனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும்போதே, தடைக்காலம் தொடங்கியதும் திருகை வைத்துவிடுங்கள். ஜூலைக் கடைசியில் அந்தத் திருகின் மேல் பல்லை மாட்டிக்கொள்ளலாம்.

புகையிலை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஈறை அரித்து எலும்பைக் கரைக்கிற பழக்கம் அது, வாய்ப்புற்றுக்கும் அதுதான் வழி. அப்பாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

திருகு வைக்கும் முன் முப்பரிமாண ஸ்கேன் கட்டாயம், கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பில் பட்டால் உதடு மரத்துப்போகும். பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு குறைந்திருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். இருதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

செலவு கட்டுப்படியாகவில்லையா? கழற்றி மாட்டும் பல் செட் இருக்கிறது. பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்து ஒட்டும் பிரிட்ஜ் என்றால் முன்னும் பின்னும் உள்ள நல்ல பல்லைச் செதுக்க வேண்டும், பின்னால் பல்லே இல்லையென்றால் அதற்கு வழியில்லை.

அப்புறம், வைத்த திருகின் கம்பெனிப் பெயரும் அளவும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் பழுது பார்க்க நேர்ந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.