அப்பப்பாவின் துவக்கு: வாங்கலாமா?

உப்புவெளி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “அப்பப்பா இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிலோன் கரிசன் ஆட்டிலறி என்ற பீரங்கிப் படையில் இருந்தவர். அவருடைய ட்ரங்குப் பெட்டியில் துவக்கோடு நிற்கும் படம், பித்தளை எண்ணெய்க் குப்பி, துவக்கு முனையில் பொருத்தும் நீளமான பயனெற் கத்தி எல்லாம் இருக்கின்றன. அதே மாதிரித் துவக்கு ஒன்றைத் தெரிந்த ஒருவர் விற்கிறார். நினைவுக்காக வாங்கி வைக்கலாமா?”

வேண்டாம். இலங்கையில் 1916 முதல் துவக்குகளுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரம் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ‘பழசுதானே, சுடாதே’ என்று சொல்லித் தப்பலாம் என நம்பி இறங்காதீர்கள். அதைவிட முக்கியமாக, அது உங்கள் அப்பப்பா தொட்ட துவக்கு அல்ல. உங்கள் குடும்பத்துக்குரியது அந்தப் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் படத்தைப் பாருங்கள். துவக்கின் முன்பக்கம் மொட்டையாக, குழல் வெளியே நீட்டாமல் இருந்தால் அது 1907-இல் வந்த பிரித்தானியப் படைத் துவக்கான லீ என்ஃபீல்ட் மூன்றாம் மார்க். குழல் வெளியே நீண்டிருந்தால் அதற்குப் பிந்திய மாதிரியான லீ என்ஃபீல்ட் நாலாம் நம்பராக இருக்கலாம். இரண்டுக்கும் குழல் வாய் .303 அங்குலம், பத்துக் குண்டு கொள்ளும். எண்ணெய்க் குப்பி பின்கட்டைக்குள் இருக்கும் சிறிய அறையில் வைப்பது.

பயனெற்றை அளந்து பாருங்கள். அலகு 17 அங்குலம் என்றால் மூன்றாம் மார்க்கினுடையது. நாலாம் நம்பருக்கு வந்தது 8 அங்குல ஈட்டிமுனை மாதிரி. அலகின் அடியில் கிரீடம், அரசரின் எழுத்துகள், 1907 எனப் பொறித்திருக்கும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: 1907 என்பது அந்த மாதிரியை வடிவமைத்த ஆண்டு, உங்கள் கத்தியைச் செய்த ஆண்டு அல்ல. செய்த மாதமும் ஆண்டும் கீழே சிறிய இலக்கங்களில் இருக்கும். கைப்பிடியின் நுனியில் படைப்பிரிவுக் குறி இருந்தால் அதை விரிவாகப் படமெடுங்கள். அந்தக் குறிதான் பொருளுக்கும் ஆளுக்கும் இடையிலான பாலம்.

தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், பொறிப்புகள் அழிந்துபோகும். திருகோணமலை உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் பூசாமல் தையல் மெசின் எண்ணெயை மெல்லியதாகப் பூசி, தோல் உறையிலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள். தோல் ஈரம் இழுக்கும். சரி, கத்தியை வெளியே கொண்டு திரியாமல் வீட்டில் வைத்திருப்பதுபற்றியும் ஒருமுறை சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள். வாங்கி விற்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. ஆட்டிலறிக்காரரின் உண்மையான ஆயுதம் கரையோரப் பீரங்கி. 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அப்பப்பா எங்கே இருந்தார் என்று வீட்டில் மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். திருகோணமலையில் உள்ள ஹூட்ஸ் டவர் கடற்படை அருங்காட்சியகத்தில் பழைய பீரங்கிகளைப் பார்க்கலாம். அவர் பெயர், இலக்கம், பதவி எழுதிய தாள் ஒன்று கிடைத்தால், ஸ்கேன் எடுத்து, பெட்டியிலுள்ள ஒவ்வொரு பொருளுடனும் ஒரு பிரதி வையுங்கள்.