மினி பிசி வாங்கினால் பணம் மிச்சமாகுமா?

கேள்வி: நானும் என் மனைவியும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறோம். ஒன்பது வருடம் உழைத்த எங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்க மாட்டேன் என்கிறது. சரி, நல்ல பெரியதாக ஒன்றைத் தவணையில் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். "உள்ளங்கை அளவு மினி பிசியே போதும், விலையில் பாதிகூட ஆகாது. இரண்டாக வாங்கு. ஒன்றை இரவு பகலாக ஓடவிட்டால் கிளவுட் சந்தாவை நிறுத்திவிடலாம், கிரிப்டோ மைனிங்கும் செய்யலாம்" என்கிறார் மைத்துனர். இது முதலீடா, விளையாட்டுச் சாமானா?

பதில்: மைத்துனர் சொல்வதில் பாதி சரி. மைனிங்கை, அதாவது கம்ப்யூட்டரை ஓடவிட்டுக் கிரிப்டோ நாணயம் ஈட்டுவதை, மட்டும் முதலிலேயே தள்ளிவிடுவோம். கிரிப்டோவில் பெரியதான பிட்காயினின் மைனிங், அதற்கென்றே செய்த ஏசிக் இயந்திரங்களின் கைக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மினி பிசியில் செய்தால் வருவதைவிட மின்கட்டணம்தான் அதிகமாக இருக்கும். ஆக, இந்தப் பெட்டி உங்களுக்குச் சம்பாதித்துத் தராது. இப்போது போய்க்கொண்டிருக்கும் செலவு எதையாவது நிறுத்துமா என்று மட்டும் பாருங்கள்.

கணக்கு மென்பொருள், எக்செல், பிரவுசர், பிரின்டர், அவ்வப்போது ஒரு வீடியோ கால். உங்கள் வேலை இவ்வளவுதான் என்றால் மினி பிசி தாராளமாகப் போதும். 2023-இல் வந்த இன்டெல் என்100 பிராசஸருக்கு நான்கு கோர், இன்டெல் குறித்திருக்கும் மின்தேவை வெறும் 6 வாட். அதுவே இதையெல்லாம் சமாளிக்கும். ராம் மட்டும் 16 ஜிபி எடுங்கள். 8 ஜிபியில் மிச்சம் பிடித்தவர்கள் ஆறே மாதத்தில் என்னிடம் புலம்பியிருக்கிறார்கள். சில மாடல்களில் ராம் போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. அதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். வீடியோ எடிட்டிங், பெரிய கேம் என்றால் கதை வேறு. அதற்குப் பெரிய சிபியுதான் லாபம், ஏனென்றால் அதில் கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

என் அலுவலகத்தில் ஒரு மினி பிசி மானிட்டரின் முதுகில் நான்கு திருகாணியில் தொங்குகிறது. பென் டிரைவோடு வந்த ஒருவர் மேசைக்கு அடியில் குனிந்து, "சிபியு சர்வீஸுக்குப் போயிருக்கிறதா?" என்று கேட்டார். அப்படித் தொங்கவிட நினைத்தால், மானிட்டரின் பின்னால் அந்தத் திருகாணிகளுக்கான துளைகள் (வேசா என்பார்கள்) இருக்கின்றனவா என்று பாருங்கள்.

புதியதுதான் வேண்டும் என்றில்லை. பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி போன்றவை செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். பெயர் தெரியாத புதுப் பெட்டியைவிட இவற்றின்மேல்தான் எனக்கு நம்பிக்கை. இன்டெல் பிராசஸரில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் பிராசஸர்களின் அதிகாரபூர்வப் பட்டியலோ, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. கம்பெனியின் அசல் அடாப்டரும் முறையான லைசென்ஸும் கூடவே வருகின்றனவா என்பதையும் பாருங்கள். இவற்றைத் தனியாக வாங்கப் போனால் விலை மலிவு என்பதே போய்விடும்.

மின்சாரத்தைப் பெரிய சேமிப்பு என்பார்கள். போட்டுப் பார்ப்போம். பழைய சிபியு 60 வாட், மினி பிசி 10 வாட் என்று வைத்தால் வித்தியாசம் 50 வாட். தினம் 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் மிச்சம் 120 யூனிட். உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்குங்கள். நல்லதுதான், ஆனால் இதற்காக மட்டும் பெட்டியை மாற்ற மாட்டேன். இரவு பகலாக ஓடும் கம்ப்யூட்டர் என்றால் அதே 50 வாட் வருடத்துக்கு 438 யூனிட் ஆகிவிடும். அங்கேதான் சின்னப் பெட்டிக்கு மதிப்பு.

இனி மைத்துனரின் இரண்டாவது பெட்டி. கிளவுடுக்குப் பதிலாக வீட்டிலேயே சேமிக்க, கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், போட்டோக்களுக்கு இம்மிச் என்ற மென்பொருள்களைப் போட்டுக்கொள்ளலாம், இரண்டுமே இலவசம். பெட்டியும் இரண்டு டிஸ்க்கும் என்ன விலை என்று கூட்டுங்கள். மாதச் சந்தாவிலிருந்து அந்தப் பெட்டியின் மின்செலவைக் கழியுங்கள். மொத்த விலையை அந்த மீதியால் வகுத்தால் எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்று தெரியும். 36 மாதத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள் என்பது என் கணக்கு. அதற்குள் ஒரு டிஸ்க்காவது கெட்டுப்போகலாம், உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் விலை உண்டு.

சந்தாவை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் 2012-இல் வந்தது, நான் சில வருடம் கழித்து ஒன்று வாங்கி, மெமரி கார்டிலேயே எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. கார்டு படிக்கவே இல்லை. மூன்று மாத ரசீதுகளை பிரின்ட் எடுத்த தாளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம், என் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை. நீங்கள் வைத்திருப்பதோ வாடிக்கையாளர்களின் கணக்கு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. அந்த வெளிப் பிரதிக்காகக் கிளவுடை மிகச் சின்னத் திட்டத்துக்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ் இல்லாமல் 24 மணி நேரம் ஓடவிடாதீர்கள்.

தவணை பற்றி: வாங்கிய நாளிலிருந்தே விலை இறங்கும் சாமானுக்கு வட்டி கட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. பெரிய கம்ப்யூட்டருக்குக் கட்டவிருந்த தவணையை மூன்று நான்கு மாதம் தனியாக எடுத்து வையுங்கள், மினி பிசிக்கு அநேகமாக அதுவே போதும். அதுவரை பழையதை ஓட்டலாம், ஆனால் அதில் வங்கி வேலை வேண்டாம். இரண்டாவது பெட்டியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், பழைய சிபியுவைத் தள்ளிவிடும் முன் அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். அதில் இருப்பது உங்களுடைய கணக்கு மட்டும் இல்லையே.