இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்கு மகன் இல்லையே, அவருடைய ஏர்ல் என்ற பிரபு பட்டம் யாருக்குப் போனது?

மூத்த மகள் பெட்ரீசியாவுக்குப் போனது. பிரிட்டனில் இது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமில்லை. நானும் ஆண்பிள்ளை இல்லாத வீட்டின் மூத்த பெண். அதனால்தானோ என்னவோ, இந்தக் கதையை விடாமல் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

அங்கே பிரபு பட்டம் கொடுக்கும்போது அரசர் ஒரு சாசனம் தருவார். பட்டம் யார் வழியாக இறங்கும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். வீட்டையும் நிலத்தையும் மகளுக்கு உயில் எழுதிவைக்கலாம். பட்டத்தை அப்படி எழுதிவைக்க முடியாது. பெரும்பாலான சாசனங்கள் ஆண் வழிக்கு மட்டும்தான். மகன் இல்லாத பிரபு இறந்தால், வீட்டில் எத்தனை பெண்கள் இருந்தாலும் பட்டம் அவர்களைத் தாண்டிப் போய்த் தூரத்துப் பங்காளி ஒருவரைத் தேடும். முதலில் பட்டம் வாங்கியவரின் ஆண் வழியில் ஒருவருமே இல்லையென்றால் அத்தோடு அழிந்துவிடும்.

மவுண்ட்பேட்டன் 1946-ல் வைகவுண்ட் ஆனார், 1947-ல் அதற்கு ஒரு படி மேலான ஏர்ல். அவருக்கு இருந்தது இரண்டு பெண்கள் மட்டும். அதனால் சாசனத்திலேயே தனி விதி சேர்த்தார்கள்: மகன் இல்லாவிட்டால் மூத்த மகள், அவருக்குப் பின் அவருடைய ஆண் வழி; அதுவும் அற்றுப்போனால் இளைய மகள் பமீலா, அவருடைய ஆண் வழி.

1979 ஆகஸ்ட் 27. அயர்லாந்தின் முல்லக்மோர் துறையிலிருந்து சிங்கி இறால் கூடுகளைப் பார்க்கக் குடும்பத்தோடு படகில் கிளம்பினார் மவுண்ட்பேட்டன். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. அந்தப் படகில் குண்டு வைத்திருந்தது. அவரும் பெட்ரீசியாவின் 14 வயது மகன் நிக்கோலஸும் படகில் உதவிக்கு இருந்த 15 வயதுப் பையனும் இறந்தார்கள். பெட்ரீசியாவின் 83 வயது மாமியார் மறுநாள் இறந்தார். பெட்ரீசியா, அவர் கணவர், நிக்கோலஸோடு இரட்டையாகப் பிறந்த டிமத்தி ஆகிய மூவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள்.

பட்டம் இறங்குவதற்குச் சடங்கு எதுவும் வேண்டாம். தகப்பனின் உயிர் போன நொடியிலேயே மகள் கவுண்டஸ், அதாவது பெண் ஏர்ல். மகனின் அடக்கத்துக்குக்கூடப் போக முடியாமல் மருத்துவமனையில் கிடந்த தாய்க்கு அந்தப் பட்டம் அப்படித்தான் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அவர் கணவர் ஜான், பிரபோர்ன் பிரபு. மும்பை பிரபோர்ன் ஸ்டேடியம் தெரியும் அல்லவா, அது இவருடைய அப்பா பம்பாய் கவர்னராக இருந்ததால் வந்த பெயர். கணவன் பிரபுக்களில் கடைசிப் படியான பாரன், மனைவி ஏர்லுக்குச் சமமான கவுண்டஸ். இருவரும் தத்தம் உரிமையில் பட்டம் வைத்திருந்த அபூர்வமான தம்பதி. 1963-க்கு முன்பாக இருந்தால், பரம்பரைப் பட்டம் வந்தாலும் பெண்ணுக்கு நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. பெட்ரீசியாவுக்கு அந்த இடம் 1999 வரை இருந்தது; அந்த வருடச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரை வெளியே அனுப்பியது.

மூத்த மகன் நார்ட்டனின் பெயர் மாறியதைப் பாருங்கள். 1979-ல் தாய் கவுண்டஸ் ஆனதும், வாரிசு என்ற மரியாதைக்கு அழைக்கும் பெயராக ராம்சி பிரபு. 2005-ல் தகப்பன் இறந்ததும் பிரபோர்ன் பிரபு. 2017 ஜூன் 13 அன்று 93 வயதில் தாய் இறந்ததும் மூன்றாவது ஏர்ல் மவுண்ட்பேட்டன்.

பெட்ரீசியாவுக்கு மகள்களும் உண்டு. அவர்களுக்கு வரிசையில் இடம் இல்லை. விதிவிலக்கு ஒரே ஒரு தலைமுறைக்குத்தான், பிறகு பழைய ஆண் வழியே. இது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. அரியணைக்கு மட்டும், தம்பி இருந்தாலும் மூத்த பெண்ணுக்கே முதலிடம் என்று 2013-ல் சட்டம் மாற்றினார்கள். அது பிரபு பட்டங்களைத் தொடவே இல்லை. 2016-ல் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் இறந்தபோது, இரண்டு அக்காக்கள் இருந்தும், 25 வயதுத் தம்பிதான் டியூக் ஆனார்.

மவுண்ட்பேட்டன் பட்டத்துக்கு இப்போது அடுத்த வாரிசு நார்ட்டனின் மகன். குண்டில் இறந்த சித்தப்பாவின் பெயர்தான் அவருக்கும், நிக்கோலஸ்.