ஒன்பது கோர்ஸ், மூன்று மணி நேரம்

கே: திருமண நாளுக்காக ஒரு ஹோட்டலில் 9 கோர்ஸ் டேஸ்டிங் மெனு (செஃப் தேர்ந்தெடுத்த சின்னச் சின்னத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் விருந்து) முன்பதிவு செய்திருக்கிறோம். படங்களில் தட்டுக்கு ஒரு வாய்தான் தெரிகிறது. வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

ப: வேண்டவே வேண்டாம். ஒரு தட்டில் 40 முதல் 80 கிராம்தான் இருக்கும் என்றாலும், மெனுவில் அச்சிட்ட ஒன்பதோடு கணக்கு முடியாது. தொடக்கத்தில் செஃப் அனுப்பும் இரண்டு மூன்று ஒருவாய்ப் பண்டங்கள், பிரெட், வெண்ணெய், இனிப்புக்கு முன் ஒரு சின்னக் கிண்ணத்தில் பழ ஐஸ், காபியோடு குட்டி இனிப்புகள் என்று தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். பலவற்றில் வெண்ணெய், கிரீம், சுண்டக் காய்ச்சிய சாஸ். மதியம் லேசாகச் சாப்பிட்டு, பிறகு நொறுக்குத்தீனி எதுவும் தொடாமல் போங்கள்.

பெரும்பாலோர் கவிழ்வது பிரெட்டில்தான். பசியோடு உட்காரும்போது சூடாக வந்து நிற்கும். இரண்டு துண்டு உள்ளே போனால், ஆறாவது ஏழாவது தட்டாக முக்கியமான மீனோ இறைச்சியோ வரும்போது வயிறு கையை விரித்துவிடும். பாதித் துண்டை ஒதுக்கி வையுங்கள், சாஸை வழிக்க உதவும். அதை யாரும் தவறாகப் பார்ப்பதில்லை.

தட்டுக்கு 15 முதல் 20 நிமிடம் என்று வைத்தால், இடையில் வரும் சின்னத் தட்டுகளையும் சேர்த்து மொத்தம் இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம். எட்டரைக்கு உட்கார்ந்தால் நள்ளிரவுகூட ஆகிவிடலாம். ஏழு மணிக்கு இடம் கேளுங்கள்.

கே: நான் சைவம். மேஜையில் உட்கார்ந்ததும் சொன்னேன். மூன்று தட்டுகளில் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அப்படியே கொண்டுவந்தார்கள். பில் மட்டும் முழுசு. இது நியாயமா?

ப: முழுப் பணம் வாங்கியது எங்களுக்கும் உறுத்துகிறது. ஆனால் உட்கார்ந்த பிறகு சொன்னால் சமையலறையால் அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. சாஸுக்கான எலும்பு ஸ்டாக் பெரும்பாலும் முதல் நாளே அடுப்பில் ஏறியிருக்கும். ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) போட்டு உறையவைத்தவை ஃப்ரிட்ஜில் இருக்கும். எல்லாம் அன்றைக்கு வரும் ஆட்களின் கணக்குக்கு அளந்து வைத்தவை.

முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லுங்கள். 48 மணி நேரத்துக்கு முன் போனிலும் உறுதி செய்யுங்கள். ‘சைவம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. முட்டை, பால் ஆகுமா, மீன் சாஸ், ஜெலட்டின் கூடாதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சீஸையும் மறக்காதீர்கள்: அசல் பார்மிஜானோ ரெஜியானோ என்ற இத்தாலியச் சீஸ், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் உறைய வைக்கப்படுகிறது. தனிச் சைவ டேஸ்டிங் மெனு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பிடிக்காத பொருளை ‘அலர்ஜி’ என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் வந்ததும் தனிக் கத்தி, தனிப் பலகை, தனி எண்ணெய் என்று வேலையே மாறுகிறது. உண்மையான அலர்ஜிக்காரர்களுக்கு அது உயிர் விஷயம்.

கே: ஐந்து நட்சத்திர ஹோட்டல், உள்ளே இருக்கும் உணவகத்துக்கு ஒரே நட்சத்திரம். தரம் குறைவா?

ப: இரண்டும் வேறு கணக்கு. ஹோட்டலின் ஐந்து, அறைகளுக்கும் வசதிகளுக்கும் சேர்த்தது. உணவகத்தின் நட்சத்திரம், உணவகங்களை மதிப்பிடும் மிஷெலின் கையேடு தருவது. 1926-இல் தொடங்கியது, மூன்று வரை போகும். தட்டில் இருப்பதை மட்டுமே பார்ப்பார்கள். ஒன்று என்பதே பெரிய விஷயம்.

கே: அப்பாவுக்கு ஒரே ஒரு ஐட்டம் போதும். ஆனால் மேஜையில் எல்லோரும் டேஸ்டிங் மெனுவே எடுக்க வேண்டும் என்கிறார்களே?

ப: மேஜை முழுவதற்கும் தட்டுகள் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும் என்பதால் இந்த விதி. ஒரே ஐட்டம் சாப்பிட்டவர் மீதி நேரம் வெறுமனே உட்கார்ந்திருப்பார், அதுவும் பாவம். ஐந்து கோர்ஸில் சின்ன மெனு இருந்தால் எல்லோரும் அதற்கு மாறுங்கள்.

நடுவில் எழுந்து போக நேர்ந்தால், தட்டுகளை எடுத்த உடனே சர்வரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அடுத்தது பரிமாறத் தயாராகிவிடும். மொறுமொறுவென வறுத்த மீன் தோல் தன் ஆவியிலேயே சில நிமிடங்களில் தொய்ந்துவிடும், நுரை அமுங்கும், சாஸில் ஏடு படியும்.

கே: ஒயின் பேரிங் (தட்டுகளுக்குப் பொருத்தமாக ஊற்றும் ஒயின்கள்) எடுத்தால் போதை அதிகமாகுமா? குடிக்காதவருக்கு என்ன?

ப: ஒரு ஊற்றல் 60 முதல் 90 மில்லி. ஆறு ஊற்றல் என்றால் 75 மில்லி கணக்கில் 450 மில்லி, அதாவது பாட்டிலில் பாதிக்கும் மேல். வண்டி ஓட்டுகிறவர் தொடக்கூடாது. இரண்டு பேர் ஒரு பேரிங்கைப் பகிர முடியுமா என்று கேட்கலாம். பல இடங்களில் ஆல்கஹால் இல்லாத பேரிங்கும் உண்டு. அதில் பழச்சாறு எத்தனை, தேநீர் எத்தனை என்று கேளுங்கள். ஆறும் இனிப்பாக இருந்தால் நான்காவது தட்டிலேயே நாக்கு மரத்துவிடும்.

கே: வரிசையாக இருக்கும் ஃபோர்க், ஸ்பூனில் எதை முதலில் எடுப்பது?

ப: வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே. முடித்ததும் கத்தியையும் ஃபோர்க்கையும் சேர்த்துத் தட்டில் வையுங்கள். பிரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று பொருள். ஒருவர் பிரித்து வைத்தாலே மேஜை முழுவதற்கும் அடுத்த தட்டு நிற்கும்.

கே: அதே ஹோட்டலில் தங்குகிறோம். பில்லை அறைக் கணக்கில் சேர்க்கலாமா?

ப: பெரும்பாலும் சேர்க்கலாம். கையெழுத்துப் போடும் முன் விவரப் பில்லைக் கேட்டு வாங்கி நான்கு விஷயங்களைப் பாருங்கள்: பாட்டில் தண்ணீர், டிரஃபிள் (விலையுயர்ந்த ஒரு காளான் வகை), கேவியர் (மீன் முட்டை) போன்ற கூடுதல்கள், சர்வீஸ் சார்ஜ், முன்பணக் கழிவு. சர்வர் புன்னகையோடு ‘கொஞ்சம் டிரஃபிள் சீவட்டுமா?’ என்றால் அது பெரும்பாலும் இலவசமல்ல, விலை கேட்பதில் கூச்சம் வேண்டாம். சர்வீஸ் சார்ஜ் இருந்தால் தனி டிப்ஸ் உங்கள் விருப்பம். அறை வாடகையை அலுவலகம் கொடுக்கிறது என்றால் இந்தப் பில்லை அங்கேயே தனியாகக் கட்டிவிடுங்கள்.